ஏழு சீட் வண்டி வாங்கப் போகிறீர்களா? கடைசி வரிசையில் யார் உட்காருவார்கள்?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏழு சீட் வண்டி தேடுகிற பல வீடுகளில் ஏழு பேர் கிடையாது. நாலு பேர், மிஞ்சினால் ஆறு. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம் என்றால் மட்டும் ஊரிலிருந்து வந்த மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், சீர்த்தட்டு, பூக்கூடை எல்லாம் சேர்ந்து தலை எண்ணிக்கை பத்தைத் தொட்டுவிடும். அந்த ஒரு நாளை மனத்தில் வைத்து வண்டி வாங்குகிறோம். மீதி நாளெல்லாம் கடைசி வரிசை காலியாகவே ஊர் சுற்றுகிறது. அந்த சீட்டுக்கும் சேர்த்துத்தான் இஎம்ஐ கட்டுகிறோம்.

அதனால் மைலேஜ், விலை, டச் ஸ்க்ரீன் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை? இதற்கு வீட்டில் நேர்மையாக ஒரு பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வப்போது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். தங்கையும் புதுச்சேரியில்தான், லாஸ்பேட்டையில் இருக்கிறாள். பெரியப்பா வீடு பண்ருட்டிப் பக்கம். எனவே ஆறு பேரும் ஒன்றாகக் கிளம்புவது எங்களுக்கு அபூர்வமில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கையில் இருக்கும் வாய்ப்புகள் மூன்று வண்டிகள்: ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, கியா காரன்ஸ். நாலாவதாக ஒன்று உண்டு. ஏழு சீட்டே வாங்காமல் ஐந்து சீட் காரோடு நிறுத்திக்கொண்டு, தேவைப்படும் நாளில் வாடகை வண்டி எடுப்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எர்டிகாவின் உடன்பிறப்புகளான எக்ஸ்எல்6, டொயோட்டா ரூமியன் இரண்டையும் தனியாகப் பேசவில்லை. அடிப்படை ஒன்றுதான். எக்ஸ்எல்6 ஆறு சீட். ரூமியன் டொயோட்டா பெயரில் வரும் எர்டிகா. இன்னோவாவையும் விட்டுவிட்டேன். 'வாங்கினா இன்னோவா வாங்கணும், இல்லேன்னா சும்மா இருக்கணும்' என்று சொல்லும் ஒரு மாமா எல்லார் வீட்டிலும் இருப்பார். அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் காசு அவர் தரப்போவதில்லை.

நீளத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் விலை அதில்தான் ஒளிந்திருக்கிறது. ட்ரைபர் 3,990 மி.மீ. நாலு மீட்டருக்குச் சரியாக ஒரு செ.மீ. குறைவு. இது தற்செயல் இல்லை. நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் வரிச்சலுகை வந்தது. அன்றிலிருந்து நம் நாட்டில் பல கார்கள் அந்தக் கோட்டுக்குள் அடங்குமாறே வரையப்படுகின்றன. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது இந்த இடைவெளி இன்னும் அகலமானது. நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு செஸ் எல்லாம் சேர்த்து 29க்கும் 45க்குமாக இருந்தது. எர்டிகாவும் காரன்ஸும் நீளத்திலும் எஞ்சினிலும் கோட்டைத் தாண்டியவை. ட்ரைபர் ஆறு லட்சத்தை ஒட்டித் தொடங்க, எர்டிகா ஒன்பதை ஒட்டியும் காரன்ஸ் பதினொன்றை ஒட்டியும் தொடங்குவதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு.

அகலத்தில் எர்டிகாவும் ட்ரைபரும் கிட்டத்தட்ட ஒன்று: 1,735, 1,739 மி.மீ. காரன்ஸ் 1,800. ஆறு செ.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி ரோட்டில் சந்தை போட்டிருக்கும்போது அதன் குறுக்குத் தெருவில் எதிரே ஒரு லோடு ஆட்டோ வரட்டும், தெரியும். நீளத்தில் ட்ரைபருக்கும் காரன்ஸுக்கும் (4,540 மி.மீ.) இடையே 55 செ.மீ. வித்தியாசம். வீட்டு போர்ட்டிகோவில் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போங்கள். கேட் மூடுகிறதா என்பதோடு, கேட்டை மூடிய பிறகு டிக்கியைத் திறக்க இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மா ஏறி இறங்கிய கதை

ஷோரூம்களுக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். வயதானவர்களுக்கு உயரமான வண்டிதான் வசதி என்று ஒரு பேச்சு உண்டு. எஸ்யூவி விற்பவர்கள் நிறையவே சொல்வார்கள். சீட் உயரம் வேறு, தரை உயரம் வேறு. சீட் இடுப்பு மட்டத்தில் இருந்தால் உட்காருவது சுலபம். ஆனால் வண்டியின் தரை உயரமாக இருந்தால் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை அதுதான். அதிலும் புடவை கட்டியிருந்தால்.

எர்டிகாவில் அம்மா முதலில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். கொசுவத்தை ஒரு கையால் பிடித்திருந்ததால் மேலே உள்ள கைப்பிடியை மற்றொரு கையால்தான் பிடிக்க முடிந்தது. சிரமமில்லாமல் ஏறினார். ட்ரைபரிலும் அப்படியே. காரன்ஸில் கொஞ்சம் யோசித்தார். 'ஏறிடலாம்பா, எறங்கத்தான் கால் தரையைத் தேடுது' என்றார். காரன்ஸின் கதவு அகலமாகத் திறப்பதால் உடம்பைத் திருப்ப இடம் தாராளம். தரைதான் ஒரு சிட்டிகை உயரம். இந்த மூன்றில் எதுவும் அவருக்கு முடியாத வண்டி இல்லை. ஆனால் விற்பனைப் பையன் சொல்வதைக் கேட்டு முடிவெடுத்திருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. ஒரு விஷயம், ஷோரூம் தரை டைல்ஸ் மாதிரிச் சமமாக நம் தெரு இருக்காது. வெளியே சாலையோரச் சரிவில் நிறுத்தச் சொல்லி அங்கே ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மருமகள் சீட்

அம்மா, அப்பா நடுவரிசை, பிள்ளைகள் கடைசி வரிசை என்றுதான் நாங்களும் ஆரம்பத்தில் கணக்குப் போட்டோம். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். தெரிந்தவர்கள் வீடுகளில் விசாரித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. புது வண்டி வந்த சில மாதங்கள் பிள்ளைகள் பின்னால் ஓடி ஏறுவார்கள். அப்புறம் திருவண்ணாமலை போகும் வழியில் ஒருநாள் யாராவது ஒருவன் வாந்தி எடுப்பான். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. குலுக்கல் அங்கேதான் அதிகம், முன்னால் சாலையும் தெரியாது. இது மூன்று வண்டிக்கும் பொது. உடனே பிள்ளைகள் பாட்டிக்குப் பக்கத்தில் நடுவரிசைக்கு வந்துவிடுவார்கள், தாத்தா முன்சீட்டுக்குப் போவார், அப்பா ஓட்டுவார். மிச்சம் யார்? வீட்டு மருமகள். பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் கடைசியில் போய் உட்காருகிறவர் அவர்தான்.

டெஸ்ட் டிரைவில் அவர் எங்கே இருந்தார்? முன்சீட்டில் உட்கார்ந்து ஏசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், அல்லது வரவே இல்லை. ஏழு சீட் வண்டியைக் கடைசி வரிசையில் உட்காரப் போகிறவர் அங்கே உட்கார்ந்து, அரை மணி நேரமாவது, நம் ஊர் வேகத்தடைகள் மேல் போய்ப் பார்க்காமல் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

என் மனைவி மூன்றிலும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். ட்ரைபரில் தலைக்கு இடம் இருக்கிறது, நாலு மீட்டர் வண்டிக்கு இது ஆச்சரியம்தான். ஆனால் நடுவரிசையை முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளினால் அத்தை முகம் மாறும். எர்டிகாவில் முழங்கால் கொஞ்சம் மேலே தூக்கித்தான் இருக்கிறது, தொடைக்குத் தாங்கல் குறைவு. புதுச்சேரிக்குப் போய் வரலாம், வேளாங்கண்ணிக்குப் போனால் இறங்கும்போது நிமிர முடியாது. காரன்ஸில் கால் நீட்ட இடம் கூடுதல், காற்றும் தலைக்கு மேலே நேராக வருகிறது, ஆனால் ஜன்னல் சிறிது. அடைத்த மாதிரி இருக்கிறது. அந்த 'அடைத்த மாதிரி' என்பதை எந்த விவரப் பட்டியலிலும் போடமாட்டார்கள். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், போடுவார்கள்: ட்ரைபர் 2,636, எர்டிகா 2,740, காரன்ஸ் 2,780 மி.மீ. முழங்கால் சொன்ன வரிசையும் இந்த எண்களின் வரிசையும் பொருந்துகின்றன என்பது உண்மை.

உள்ளே ஏறுவது இன்னொரு சங்கதி. காரன்ஸில் பொத்தானை அழுத்தினால் நடுவரிசை இடப்பக்க சீட் தானே மடிந்து முன்னால் கவிழ்ந்து வழி விடுகிறது. இந்த வசதி எந்த வேரியன்டிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டில் கைப்பிடியை இழுத்துச் சீட்டைத் தள்ள வேண்டும். சுடிதாரில் போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. பட்டுப்புடவையில், கையில் தாம்பாளத்தோடு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கேப்டன் சீட். நடுவில் இரண்டு தனித்தனி நாற்காலி மாதிரி, இடையில் நடந்து போக வழி. பார்க்க ஜோர். எக்ஸ்எல்6இலும் காரன்ஸின் சில வேரியன்டிலும் வருகிறது. ஆனால் ஆறு பேர் உள்ள வீட்டில் அதை எடுத்தால் கடைசி வரிசையில் எப்போதும் இரண்டு பேர் உட்கார்ந்தே ஆக வேண்டும். நடுவில் பெஞ்ச் சீட் இருந்தால் பாட்டியோடு பிள்ளைகள் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து கொள்ளலாம். பின்னால் ஒருவர் மட்டும் போதும், அவருக்கும் இரண்டு சீட் அகலம் கிடைக்கும். ஷோரூமில் கேப்டன் சீட்டைத்தான் முதலில் காட்டுகிறார்கள். மயங்க வேண்டாம்.

பலாப்பழமும் டிக்கியும்

ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கியில் என்ன மிச்சம்? ட்ரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209, காரன்ஸில் 216. லிட்டர் கணக்கு யாருக்கும் புரியாது, அதனால் பலாப்பழத்தில் சொல்கிறேன். ஜூன் மாதம் பண்ருட்டிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது நடக்காத காரியம். பெரியப்பா வீட்டில் கொடுக்கும் பழம் சாதாரணமாகப் பதினைந்து கிலோ இருக்கும். ட்ரைபரின் கடைசி சீட்டுக்கும் பின்கதவுக்கும் இடையில் பள்ளிப் பைகளை நிமிர்த்தி வைக்கலாம், அவ்வளவுதான். பலாப்பழத்தை அங்கே திணித்தால் முள் சீட்டுத் துணியில் பதியும், காம்புப் பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் இல்லாமல் போகாது. மற்ற இரண்டிலும் ஒரு பழம், ஒரு சின்னப் பெட்டி, இரண்டு கைப்பை வரை போகும். ஏழு பேரோடு மூன்று நாள் சுற்றுலா என்றால் எந்த வண்டியிலும் போதாது. மேலே கேரியர் போட்டே ஆக வேண்டும்.

ஆனால் ட்ரைபரிடம் மற்ற இரண்டிடமும் இல்லாத ஒரு வித்தை இருக்கிறது. கடைசி வரிசையின் இரண்டு சீட்டும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் டிக்கி. எர்டிகாவில் கடைசி வரிசையை மடித்தால் கிடைப்பது 550. அளவில் பெரிய வித்தியாசமில்லை என்றாலும், மடித்த சீட்டின் மேல் வைப்பதும் வெறுந்தரையில் வைப்பதும் ஒன்றில்லை. ஒரே ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு ஆறு பேரும் ஒரு பலாப்பழமும் கூடப் போகலாம். நாலு பேர் உள்ள வீடு, எப்போதாவதுதான் விருந்தாளி என்றால் இந்த ஏற்பாட்டை அடிக்க ஆளில்லை. கழற்றிய சீட்டை எங்கே வைப்பது என்று வீட்டம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அது பால்கனியைப் பிடித்துக்கொள்ளும்.

இழுவை

ட்ரைபரின் பலவீனம் எஞ்சின். மூன்று சிலிண்டர், 999 சிசி, 72 குதிரைத்திறன், இழுவை 96 நியூட்டன் மீட்டர். வண்டியின் எடை சுமார் 950 கிலோ. ஏழு பெரியவர்கள் ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் 455 கிலோ. தன் எடையில் பாதியை ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் சமதரை, சமாளித்துவிடும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், நாகப்பட்டினம் வழிச் சாலையில் லாரியை முந்த நினைக்கும்போதுதான் தயக்கம் தெரியும். கியரைக் குறைத்து, இடம் பார்த்து, பொறுமையாகப் போக வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு போவது என்றால் ஏசியை அணைக்க மனத்தளவில் தயாராக இருங்கள்.

எர்டிகாவின் 1.5 லிட்டர் எஞ்சின் 103 குதிரைத்திறன், சுமார் 137 நியூட்டன் மீட்டர். பறக்காது, தடுமாறவும் செய்யாது. கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவலில் லிட்டருக்கு 20.51 கி.மீ. கம்பெனிக் கணக்கு வேறு, நம் சாலை வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து கால்வாசியைக் கழித்துவிட்டு பட்ஜெட் போடுங்கள். காரன்ஸில் சாதாரணப் பெட்ரோல் 115 குதிரைத்திறன், டர்போ பெட்ரோல் 160, டீசல் 116. டீசலின் 250 நியூட்டன் மீட்டர் இழுவைக்கு ஏழு பேர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பிஎஸ்6 புகை விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட், பள்ளிக்கூடம், மறுபடி வீடு என்று ஓட்டுகிறவருக்கு வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிவதுதான் மிச்சம். வாரம் தவறாமல் சென்னை போகிறவர் மட்டும் டீசலை நினைக்கலாம்.

எர்டிகாவில் சிஎன்ஜி உண்டு. கிலோவுக்கு 26.11 கி.மீ. என்பது கவர்ச்சியான எண்தான். ஆனால் 60 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் உட்காரும் இடம் டிக்கி. அந்த 209 லிட்டரில் பெரும்பகுதி போய்விடும், குதிரைத்திறனும் 88க்கு இறங்கும். ஆறு பேர் வீட்டில் சிஎன்ஜி என்றால் பை எல்லாம் மடியில். தினமும் நெய்வேலிக்கு வேலைக்குப் போய் வருகிற, வீட்டில் நாலு பேர் மட்டும் உள்ள ஒருவருக்கு இது சரியான வண்டி, எங்களுக்கு இல்லை.

மோதல் சோதனை

இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம்வரை கொடுக்கும் அமைப்பு குளோபல் என்கேப். அது 2024இல் வெளியிட்ட சோதனையில், ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் இந்தியத் தயாரிப்பு எர்டிகா பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டும் வாங்கியது. அதே ஆண்டு காரன்ஸ் மேம்படுத்திய பிறகு பெரியவர்களுக்கு மூன்று, குழந்தைகளுக்கு ஐந்து. ட்ரைபர் 2021இல் நாலு நட்சத்திரம் வாங்கியதை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது பழைய சோதனை முறை. 2022 நடுவில் விதிகள் கடுமையான பிறகு வந்த எண்களோடு அதை வைத்து ஒப்பிடுவது சரியாகாது. எர்டிகாவிலும் ட்ரைபரிலும் 2025 முதல் எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் கொடுக்கிறார்கள். காரன்ஸில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஏர்பேக் கூடினால் நல்லதுதான், ஆனால் நட்சத்திரம் பாடியின் உறுதியையும் சேர்த்துத்தான் வருகிறது.

இன்னொன்று. குழந்தை பொம்மைகளை இந்தச் சோதனையில் நடுவரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள். கடைசி வரிசைக்கு நட்சத்திரம் கிடையாது. அங்கே உட்காருகிறவரின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடைவெளி மிகக் குறைவு. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசைவரை நீள்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னால் உட்காருகிறவர் பெல்ட் போடும் பழக்கம் நம் ஊரில் அறவே இல்லை. அதற்கு எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்ய முடியாது.

பத்து லட்சக் கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கான சாலை வரி ஐந்து முதல் பத்து லட்சம்வரை 13 சதவீதம், பத்திலிருந்து இருபது லட்சம்வரை 18. இது முழு விலைக்கும் விழும். 9.9 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. வெறும் இருபதாயிரம் கூடி 10.1 லட்சம் ஆனால் 1,81,800. அலாய் வீலுக்கும் பெரிய ஸ்க்ரீனுக்கும் ஆசைப்பட்டு ஒரு வேரியன்ட் மேலே போகும்போது வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறுகிறது. எர்டிகாவின் நடு வேரியன்ட் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதால் வாங்கும் நாளன்று விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ட்ரைபர் முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கம். காரன்ஸ் அந்தப் பக்கம்.

இங்கேதான் எல்லாருக்கும் அந்த யோசனை வரும். புதுச்சேரியில் வரி குறைவு; தங்கை வீட்டு விலாசத்தில் புதுச்சேரிப் பதிவெண்ணான பிஒய் 01 போட்டுவிட்டால் என்ன? எங்கள் வீட்டிலும் வந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ, உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பதிவு. வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்றி இங்கேயும் வரி கட்ட வேண்டும். புதுச்சேரியில் உண்மையிலேயே குடியிருப்பவருக்கு அது அதிர்ஷ்டம். மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு வாசலில் பிஒய் வண்டி நிறுத்துகிறவருக்குச் சாலைச் சோதனை ஒவ்வொன்றிலும் வயிற்றில் புளி கரையும். பெட்ரோல் வேறு விஷயம். வரி வித்தியாசத்தால் புதுச்சேரிப் பக்கம் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மலிவாகவே இருந்து வருகிறது. எல்லை தாண்டியதும் முள்ளோடை, கன்னியக்கோயில் பங்க்குகளில் நிற்கும் கடலூர்ப் பதிவெண் (டிஎன் 31) வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

மழை, உப்பு பற்றிச் சுருக்கமாக. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றதையும், சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பகுதிகள் மூழ்கியதையும் பார்த்தோம். எந்த வண்டி வாங்கினாலும் இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைக் கூடுதலாகச் சேருங்கள்; சாதாரண முழு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்தைத் தரும், ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெட்டுப்போனால் தராது. தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால் வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சும் போடுங்கள். இதில் மூன்று வண்டிக்கும் வித்தியாசம் இல்லை.

வாடகை வண்டி என்ற நாலாவது வழி

இதை யாரும் வாய்ப்பாகவே எண்ணுவதில்லை, கௌரவக் குறைச்சல் போல. ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் ஏழு பேர் கிளம்புவது என்றால், ஐந்து சீட் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த நாட்களில் மஞ்சள் போர்டு இன்னோவாவோ டெம்போ டிராவலரோ எடுப்பதுதான் மலிவு. ஓட்டுநரும் கூடவே வருவார், வேளாங்கண்ணியிலிருந்து ராத்திரி திரும்பும்போது தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் எப்படியும் ஏழு சீட் வண்டி போதாது. அப்போதும் இதே டிராவலருக்குத்தான் போன் போடுவீர்கள். எங்கள் வீட்டுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் ஜிப்மரும் லாஸ்பேட்டையும். அவற்றுக்கு முகூர்த்த நாள் கிடையாது.

நாலு பேர், எப்போதாவது விருந்தாளி என்றால் ட்ரைபர் மேனுவல் எடுங்கள். மிச்சமாகும் மூன்று லட்சத்தில் பிள்ளைகள் பேரில் ஏதாவது போடலாம். ஐந்தாறு பேர், பெரும்பாலும் முப்பது கிலோமீட்டருக்குள் ஓட்டம், ஓடி முடித்ததும் நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்றால் எர்டிகா பெட்ரோல், பத்து லட்சக் கோட்டுக்குள் நிற்கும் வேரியன்ட். இதன் நெளிவு சுளிவு தெரியாத மெக்கானிக் இந்தப் பகுதியில் இல்லை. ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடுவதால் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது கை காட்டி நிறுத்தச் சொல்லலாம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மனம் எர்டிகா பக்கம்தான் இருந்தது. கணக்கு அதற்கே சாதகம்: காரன்ஸுக்குப் போனால் வண்டி விலையில் ஒரு லட்சத்துக்கு மேல், வரியில் எழுபதாயிரம் போல. மனைவி ஒன்றுதான் கேட்டாள்: 'பின்னாடி உட்காரப்போறது நீங்களா?' அதற்குமேல் ஒற்றை நட்சத்திர விஷயமும் இருந்ததால் எனக்கு வாதாட ஒன்றும் அகப்படவில்லை. காரன்ஸ், சாதாரணப் பெட்ரோல், மேனுவல், நடுவில் பெஞ்ச் சீட் என்று புக் செய்திருக்கிறோம். அம்மாவுக்கு ஏறி இறங்கக் கதவோரம் ஒரு சின்ன மர மணை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. பதிவு கடலூரில்தான். பெட்ரோல் மட்டும் முள்ளோடையில்.